தூக்குத் தண்டனை: செட்டிநாட்டுப் பக்கம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருந்த வயதானவரைக் கொன்றுவிட்டு நகையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், அந்த வாரம் முழுக்க டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே பேச்சுதான்: "இவனையெல்லாம் தூக்குல போடணும்." பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இரண்டு கட்டு வீட்டை ஒற்றை ஆளாகக் காத்துக்கொண்டிருக்கும் ஆச்சிகள் நிறைந்த ஊர்கள் இவை. அந்தப் பயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நான் குற்ற வழக்குகள் நடத்தி ஓய்ந்த வக்கீல். அதனால் இந்தப் பேச்சு கடைசியில் என் பக்கம் திரும்பும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில், நீங்க எந்தப் பக்கம்?

தூக்கு வேண்டாம் என்ற பக்கம். கொலைகாரன்மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. சில வழக்குகளின் பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்தவனுக்கு அப்படி எளிதில் இரக்கம் வராது. ஒருவன் சாகத் தகுந்தவனா என்பது ஒரு கேள்வி. அவன்தான் செய்தான் என்று கண்டுபிடித்து, அவனைப்போன்ற நூறு பேரில் இவனை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொல்லும் வேலையை நம் போலீஸ், நம் கோர்ட், நம் அரசாங்கம் ஆகியவற்றிடம் நம்பிக் கொடுக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு "ஆமாம்" என்பவர்களோடு நான் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. என் "இல்லை" இரண்டாவதற்குத்தான்.

எந்தெந்தக் குற்றத்துக்கு இப்போது தூக்கு உண்டு?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கு 103ஆம் பிரிவு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302தான் இப்போது 103. கும்பலாகச் சேர்ந்து சாதி, மதம் போன்ற காரணங்களுக்காகக் கொல்வது, உயிர்ப்பலி வாங்கிய பயங்கரவாதம், கொலையோடு கூடிய கொள்ளை, பணயத் தொகைக்காகக் கடத்துவது, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமியை வன்புணர்வது, அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது என்று பட்டியல் நீளும். குற்றம் நடந்த அன்று 18 வயது நிரம்பாதவருக்குத் தூக்கு கிடையாது. கர்ப்பிணிக்குத் தூக்கு விதிக்கப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைக்க வேண்டும்.

"அரிதினும் அரிது" என்கிறார்களே, அது என்ன கணக்கு?

1955 வரை கொலைக்குத் தூக்குதான் வழக்கமான தண்டனை. ஆயுள் கொடுத்தால், ஏன் தூக்கு கொடுக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அந்த விதி போனது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது: ஆயுள்தான் வழக்கம், தூக்கு கொடுத்தால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும்.

1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தூக்கு அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்றார்கள். ஆனால் வேறு வழியே இல்லாத, அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். குற்றத்தை மட்டும் பார்க்கக் கூடாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும், அவன் திருந்த வாய்ப்பில்லை என்று அரசு காட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு. மாறுபட்ட ஐந்தாமவர் நீதிபதி பகவதி. ஒருவன் சாவதும் பிழைப்பதும் அந்த வழக்கு எந்த நீதிபதிகள் முன்னால் போகிறது என்பதைப் பொறுத்துவிடும் என்று அவர் கவலைப்பட்டார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால் அவர் பயந்தது வீண் போகவில்லை. கீழே சொல்கிறேன்.

சிவகங்கை கோர்ட்டில் தூக்கு என்று தீர்ப்பு வந்தால் அடுத்து என்ன நடக்கும்?

உடனே ஒன்றும் நடக்காது. அமர்வு நீதிமன்றம் விதிக்கும் தூக்கை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தால்தான் செல்லும். நம் மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை. குற்றவாளி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் கோப்பு தானாக அங்கே போகும். அப்புறம் உச்ச நீதிமன்றம், சீராய்வு மனு, அரசியல் சட்டத்தின்படி ஆளுநருக்கு 161ஆவது பிரிவிலும் குடியரசுத் தலைவருக்கு 72ஆவது பிரிவிலும் கருணை மனு. கருணை மனு தள்ளுபடியான பிறகும் 14 நாள் இடைவெளி விட வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நடைமுறை இதைவிட விசித்திரம். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு எடுத்த கணக்குப்படி, 2023இல் மட்டும் நாடு முழுக்க விசாரணை நீதிமன்றங்கள் 120 பேருக்குத் தூக்கு விதித்தன. அந்த ஆண்டு முடிவில் தூக்குக் கைதிகள் 561 பேர். அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தூக்கைக்கூட உறுதிசெய்யவில்லை. நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 2020 மார்ச் 20, திகாரில் நான்கு பேர். தமிழ்நாட்டில் கடைசி என்றால் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் ஆட்டோ சங்கர். ஆக, கீழ்க்கோர்ட்டில் தூக்கு என்று கேட்டதும் பட்டாசு வெடிக்கிறோமே, அந்தத் தீர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை கயிறு வரை போவதில்லை. நடுவில் பத்து, பதினைந்து வருஷம் ஒருவன் இன்றா நாளையா என்று உட்கார்ந்திருக்கிறான். செத்தவர் வீட்டாரும் அதே பத்து, பதினைந்து வருஷம் கோர்ட் படியேறுகிறார்கள்.

உயிருக்கு உயிர். இதிலே என்ன தப்பு?

இந்தக் கேள்வியைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரு கொலை நடந்தால், அதற்கு ஈடான பதிலைச் சமூகம் சொல்லாவிட்டால் செத்தவரின் உயிருக்கு மதிப்பில்லை என்றாகிவிடும் என்ற உணர்வு நியாயமானது. ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு தீவில் வாழும் மக்கள் எல்லோரும் கலைந்துபோக முடிவெடுத்தாலும், கிளம்புவதற்கு முன் சிறையிலிருக்கும் கடைசிக் கொலைகாரனையும் தூக்கிலிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் அது பட்ட கடன் என்பது அவர் வாதம்.

எதிர்த் தரப்பில் வழக்கமாகச் சொல்வது, "கொலை தப்பு என்று சொல்லிக்கொண்டு அரசே கொல்லலாமா?" என்பது. மேடையில் கைதட்டல் வாங்கும் வாதம்தான், ஆனால் நிற்காது. ஒருவனை அறையில் பூட்டி வைப்பதும் தப்புதான். அதைச் செய்தவனை நாம் சிறையில் பூட்டுகிறோமே. தனி ஆள் செய்யக் கூடாததை, விசாரணைக்குப் பின் அரசு செய்வதைத்தான் தண்டனை என்கிறோம்.

எனக்குச் சரியாகப் படும் பதில் வேறு. ஈடு என்பதை நாம் வேறு எந்தக் குற்றத்திலும் அப்படியே கடைப்பிடிப்பதில்லை. வீட்டைக் கொளுத்தியவன் வீட்டை அரசு கொளுத்துவதில்லை. ஆசிட் ஊற்றியவன் முகத்தில் ஆசிட் ஊற்றுவதில்லை. பத்துப் பேரைக் கொன்றவனைப் பத்துத் தடவை தூக்கிலிடவும் முடியாது. மிகக் கொடிய குற்றத்துக்கு, நாம் கொடுக்கக்கூடிய தண்டனைகளில் மிகப் பெரியதைக் கொடு என்பதுதான் ஈடு கேட்பது. அந்த மிகப் பெரிய தண்டனை எதுவாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்வது நாம். அது சாவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஈட்டு நியாயத்துக்குள்ளேயே கட்டாயம் இல்லை.

வள்ளுவரே கொல்லச் சொல்லியிருக்காரே?

கம்பன் விழாவும் பட்டிமன்றமும் கேட்டு வளர்ந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள் அது, 550: "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்." கொடியவர்களைக் கொன்று தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்றுதான் பரிமேலழகர் முதல் பலரும் பொருள் கொண்டார்கள். அதை வளைத்து, வள்ளுவர் தூக்குக்கு எதிரி என்று காட்ட நான் முயலமாட்டேன்.

ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் குறளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். யாராக இருந்தாலும் தாட்சண்யம் பார்க்காமல், நடுநிலையில் நின்று, ஆராய்ந்து செய்வதுதான் நீதி என்று அது தொடங்குகிறது. அப்புறம் 550ஐத் தாண்டி ஒரு வரி கீழே வாருங்கள். கொடுங்கோன்மை அதிகாரம், 551: குடிகளை வருத்தி முறையல்லாததைச் செய்யும் வேந்தன், கொலையைத் தொழிலாகக் கொண்டவர்களைவிடக் கொடியவன். களை எடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்த கையோடு, அதிகாரம் தவறினால் அது கொலைகாரனைவிட மோசம் என்று எச்சரிக்கிறார். மேடையில் 550ஐச் சொல்பவர்கள் 551க்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

தப்பான ஆளுக்குத் தூக்கு என்பதெல்லாம் சினிமாவில்தானே? நம்ம நாட்டில் மூணு கோர்ட் பார்க்குதே?

மூன்று கோர்ட்டும் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் 2003இல் ஒரு குடும்பத்தில் ஐவர் கொல்லப்பட்டார்கள். நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேர் கைது. விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. உயர் நீதிமன்றம் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் சேர்த்து ஆறு பேருக்கும் தூக்கு என்றது. பத்தாண்டு கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்று ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. ஆறு பேரில் ஒருவர் குற்றம் நடந்தபோது சிறுவர். 2009க்கும் 2019க்கும் இடையில் அரசு கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் விடுவிக்க ஆள் இருந்திருக்காது.

நம் மாநிலத்திலேயே வேண்டுமா? 2017இல் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2018இல் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்கு விதித்தது, அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. சூழ்நிலைச் சாட்சியங்கள் சங்கிலியாகச் சேரவில்லை, தற்காத்துக்கொள்ள உரிய வாய்ப்பும் தரப்படவில்லை என்பது காரணம். அந்தத் தீர்ப்பு வந்த அன்று என்னிடம் கோபமாகப் பேசியவர்கள் நிறைய. எனக்கும் கோபம்தான், ஆனால் வேறு இடத்தில். ஊரே தூக்கு கேட்கும் வழக்கில் சீக்கிரம் தீர்ப்பு வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்யாமல் விட்டால் கடைசியில் அந்தக் குழந்தையின் பெற்றோர் கையில் என்ன மிஞ்சுகிறது?

அப்புறம், தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. ராஜீவ் காந்தி கொலையில் 1998 ஜனவரியில் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்து, மூவருக்கு ஆயுளாக்கி, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்தது. 26 எங்கே, 4 எங்கே! அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன், கைதானபோது வயது 19. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாதாரணச் சட்டத்தில் சாட்சியாகாது, தடாவில் ஆனது. அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013இல், வெடிகுண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறித்திருந்தார்கள். உயர் நீதிமன்றத் தடை வராமல் இருந்திருந்தால் அதிகாரி பேசும்போது அவர் செத்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் நடப்பதும் இதுதான். பொற்கொல்லன் பேச்சை நம்பி, ஒரு விசாரணைகூட இல்லாமல் கோவலனைக் கொல்லச் சொன்னான் பாண்டியன். கண்ணகி வந்து கேட்டபோது, கள்வனைக் கொல்வது கொடுங்கோல் இல்லை என்று சட்டமும் பேசினான். சிலம்பை உடைத்துப் பார்த்த பிறகு அவன் செய்ய முடிந்தது, தான் செத்து விழுவது மட்டுமே. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நம் நகரத்தார் ஊர்களில், அந்தப் பட்டினத்து வணிகர் மகன் ஒருவன் மதுரையில் எப்படிச் செத்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தினால் கொஞ்ச நேரம் பேச்சு நிற்கும். நம் பழைய வட்டிக்கடைப் பேரேட்டில் தப்பான பற்று எழுதிவிட்டால் மறுநாள் எதிர்ப்பதிவு போட்டுச் சரிக்கட்டலாம். தூக்குக்கு எதிர்ப்பதிவு கிடையாது.

சரி, செய்தது அவன்தான் என்று நூறு சதம் தெரிந்தால்?

அப்போதும் "ஏன் இவன், ஏன் அவன் இல்லை" என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் வழக்கு ஹர்பன்ஸ் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தில் நால்வரைக் கொன்றதற்காக மூன்று பேருக்குத் தூக்கு. மூவர் பங்கும் ஒன்றே. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள், வெவ்வேறு நீதிபதிகள் முன்னால். காஷ்மீரா சிங்குக்கு ஆயுளாகக் குறைந்தது. ஜீத்தா சிங்கின் மனு தள்ளுபடி. 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் தொங்க வேண்டிய ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் இன்னொரு மனு போட்டுத் தடை வாங்கினார். அப்போதுதான் மூன்று கோப்புகளும் ஒன்றாகக் கண்ணில் பட, அவருக்குத் தண்டனையைக் குறைக்கும்படி நீதிமன்றமே குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. ஒரே குற்றம், ஒரே பங்கு, இருவர் பிழைத்தார்கள், ஒருவர் செத்தார்.

இது பழைய கதை என்று நினைத்தால், தர்மபுரியில் 2000இல் பேருந்தை எரித்து மூன்று கல்லூரி மாணவிகளைக் கொன்ற வழக்கைப் பாருங்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கை உறுதிசெய்தது, 2016இல் சீராய்வில் அதே நீதிமன்றம் ஆயுளாக்கியது, 2018 நவம்பரில் மாநில அரசு அவர்களை வெளியே விட்டது. அரிதினும் அரிது என்று 2010இல் சொன்ன குற்றம்!

எனக்குத் தூக்கம் கெடுத்த செய்தி இன்னொன்று. 1995இல் ஒரு வழக்கில் குற்றவாளியின் சூழ்நிலையைப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லித் தூக்கு கொடுத்தது உச்ச நீதிமன்றம். அது பச்சன் சிங் தீர்ப்புக்கு விரோதமானது என்று 2009இல் அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்த வழக்கின் குற்றவாளியும், அதைப் பின்பற்றித் தீர்ப்பான இன்னொருவரும் தூக்கில் போய்விட்டார்கள். 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் இதைச் சுட்டிக்காட்டிக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள்.

யார் மாட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். மேலே சொன்ன டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தூக்குக் கைதிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். நல்ல வக்கீலுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நானும் பீஸ் வாங்கியவன்தான்.

தூக்கு இருந்தால்தானே பயம் இருக்கும்? சிங்கப்பூரைப் பாருங்க.

சிங்கப்பூரில் பேரன் பேத்தி இல்லாத வீடு இங்கே குறைவு, அதனால் இந்த உதாரணம் கட்டாயம் வரும். அங்கே குற்றம் குறைவு, தூக்கும் உண்டு, உண்மை. ஆனால் அதே அளவு நெருக்கடியான துறைமுக நகரம் ஹாங்காங். அங்கே 1966க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, 1993இல் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். இரண்டு ஊரிலும் கொலை விகிதம் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒன்றுபோல்தான் குறைந்து வந்தது. தூக்குதான் காரணம் என்றால் ஹாங்காங்கில் ஏன் குறைந்தது? அமெரிக்காவில் இதுபற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்த அவர்களின் தேசிய ஆய்வுக் கழகம், தூக்கு கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்யவில்லையா என்று இவற்றை வைத்துச் சொல்லவே முடியாது என்று 2012இல் அறிக்கை கொடுத்தது.

சிங்கப்பூர் யாரைத் தூக்கிலிடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் போதைப்பொருள் கடத்தல் வழக்குகள். 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு வரும். 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட மலேசியத் தமிழர் ஒருவரிடம் இருந்தது 43 கிராமுக்கும் குறைவு. அவர் அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பீடு இருந்தது. தெரிந்தே செய்தார் என்று அங்கே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்தில் மலேசியா 2023இல் கட்டாயத் தூக்கை ரத்துசெய்து, முடிவை நீதிபதியிடம் விட்டது. இலங்கையில் சட்டத்தில் தூக்கு இருந்தும் 1976க்குப் பின் யாரையும் தூக்கிலிடவில்லை.

எங்கள் அனுபவத்தில் திருடவும் கொல்லவும் கிளம்புகிறவன் 103ஆம் பிரிவைப் படித்துவிட்டுக் கிளம்புவதில்லை. மாட்டிக்கொள்வோமா என்று மட்டும் பார்க்கிறான். முகப்பில் வெளிச்சம், கேமரா, பக்கத்து வீட்டில் ஆள், ராத்திரி ரோந்து. ஒரு ஆச்சியைக் காப்பாற்றும் வேலையைத் தூக்குக் கயிற்றைவிட இவை நன்றாகச் செய்யும்.

ஆயுள் தண்டனைன்னா கொஞ்ச வருஷத்துல வெளியே வந்துடுறாங்களே?

எதிர்த் தரப்பின் வாதங்களில் எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது இதுதான். சட்டப்படி ஆயுள் என்றால் சாகும்வரை. 1961லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 14 ஆண்டு கழிந்தால் அரசு முன்விடுதலை செய்யலாம். ஆளுநரின் அதிகாரத்தில் அதற்கு முன்பேயும் முடியும். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மேலூர் பக்கம் மேலவளவில், 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு தலித்துகளை வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவரை 2008இல் அண்ணா நூற்றாண்டிலும், 13 பேரை 2019இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைக் காட்டியும் அரசு விடுவித்தது. அந்த ஊரில் கணவனை இழந்த பெண்ணிடம் போய் "தூக்கு வேண்டாம், ஆயுள் போதும்" என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில், தூக்குக்குப் பதிலாக முன்விடுதலை இல்லாத 20, 25, 30 ஆண்டு, அல்லது சாகும்வரை சிறை என்று விதிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2015இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை உறுதிசெய்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே அப்படி விதிக்கலாம். தலைவர் பிறந்தநாளுக்குத் திறக்கும் கதவு இவர்களுக்கு எளிதில் திறக்காது. தூக்கை எதிர்ப்பவர்கள் இந்த இடத்தில் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள், அது எனக்கு உடன்பாடில்லை.

நம்ம வரிப்பணத்தில் அவனுக்குச் சோறு போடணுமா?

போட வேண்டும். ஐந்நூற்றுச் சொச்சம் தூக்குக் கைதிகளின் சாப்பாட்டுச் செலவு நாட்டின் கணக்கில் தூசு. காசு மிச்சம் என்பதற்காக ஒருவரைக் கொல்லலாம் என்றால் அது வேறு எங்கெல்லாமோ போய் நிற்கும்.

மருது சகோதரர்களையும் சட்டப்படிதான் தூக்கிலிட்டார்கள் என்று ஒருத்தர் பேசினார். பொருத்தமா?

பாதிப் பொருத்தம். 1801 அக்டோபர் 24 அன்று நம் திருப்பத்தூரில் பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் கம்பெனிப் படை தூக்கிலிட்டது. கூட இருந்தவர்கள் பலரும் தொங்கினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்படப் பலரைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் கயத்தாறில் கட்டபொம்மன். நகைக்காகக் கிழவியைக் கொன்றவனை இவர்களோடு ஒப்பிட்டால் ஊரில் உதை விழும், விழவும் வேண்டும்.

ஆனால் ஒன்று. யார் கொல்லத் தகுந்த குற்றவாளி என்று தீர்மானிப்பது அன்றன்றைக்கு ஆளுகிறவன். அன்றைக்குக் கலகக்காரன் என்று எழுதிய பெயருக்கு இன்றைக்கு மணிமண்டபம், ஆண்டுதோறும் அரசு மாலை. அரசுக்கு எதிராகப் போர் தொடுத்ததற்கு இன்றும் நம் சட்டத்தில் தூக்கு உண்டு என்பதை அந்த மண்டபத்து வாசலில் நின்று யோசிக்கலாம்.

ஆணவக் கொலைக்கு மட்டும் உங்க ஆட்களே தூக்கு கேட்கிறாங்களே?

கேட்கிறார்கள், எனக்கும் சங்கடம்தான். உடுமலைப்பேட்டையில் 2016இல் சாதி மாறி மணந்த இளைஞரை நடுத்தெருவில் வெட்டிய கொலையில் 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம், பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தபோது, தூக்கை எதிர்த்துப் பேசி வந்த பலரும் வரவேற்றார்கள். 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவருக்கும் 25 ஆண்டு முன்விடுதலை இல்லாத ஆயுளாகக் குறைத்தது. கேமராவில் பதிவான, நாடே பார்த்த கொலையில் இது! தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட, சதியை நிரூபிக்கும் வேலை எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதில்தான் இந்த வழக்குகள் தோற்கின்றன. பிடிக்காத குற்றத்துக்கு மட்டும் கயிறு என்றால், அவரவர் பிடிக்காத பட்டியலை அவரவர் கொண்டுவருவார்கள்.

முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

அம்பேத்கர். 1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில், தூக்குத் தண்டனையையே ஒழிப்பதைத் தாம் ஆதரிப்பதாகச் சொன்னார். 2015இல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 262ஆம் அறிக்கையில், பயங்கரவாதமும் போர் தொடுத்தலும் தவிர மற்றவற்றுக்குத் தூக்கை எடுத்துவிடப் பரிந்துரைத்தது. அரசு எடுக்கவில்லை, அப்புறம் 2019இல் குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் புதிதாகச் சேர்த்தார்கள்.

உங்க வீட்டில் ஒருத்தருக்கு நடந்தால் இப்படிப் பேசுவீங்களா?

பேசமாட்டேன். கொன்றவனைக் கண்டால் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. செத்தவர் மகனை நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்வது அதனால்தான். நான் அந்த நிலையில் கேட்பதை அப்படியே கொடுக்காமல் இருக்கும் ஒரு கோர்ட்தான் எனக்கு வேண்டும், பொய் வழக்கில் என் பேரன் மாட்டினாலும் அதே கோர்ட்தான் வேண்டும்.

கொலை நடந்த குடும்பத்துக்கு நீங்க என்ன சொல்வீங்க?

தூக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, நேரம், பெயர், நகை விவரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிய நடைமுறைச் சட்டப்படி, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் போலீஸ் 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள். சாட்சிகள் பக்கத்துத் தெருக்காரர்களாக இருப்பார்கள், மிரட்டல் வரும், ஆசை காட்டுவதும் நடக்கும். அவர்கள் பிறழாமல் இருப்பதுதான் வழக்கின் உயிர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டுக்கு மனு போடலாம், வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். குற்றவாளி விடுதலையானால் நீங்களே மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. தண்டனை போதாது என்று மட்டும் நீங்கள் மேல்முறையீடு செய்ய முடியாது, அதை அரசுதான் செய்ய வேண்டும். அதற்கு அரசு வக்கீலைத் தீர்ப்பு வந்த வாரமே போய்ப் பாருங்கள், காலக்கெடு இருக்கிறது.